கால்மாட்டில் கருவாடு

பனிக்கரடி வந்தால் என்ன செய்வது என்று மெல்பர்னில், கிளேட்டனில், ஒரு வீட்டின் பின்வளவில் நான்கு ஆண்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். 1977 ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, எலும்பைத் துளைக்கும் குளிர். உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு கூடாரங்கள். அவற்றைச் சுற்றி முழங்கால் உயரத்தில் மெல்லிய கம்பி, அந்தக் கம்பியில் வெறும் தகரப் பேணிகள். கொலின் என்கிற ஆறடி மனிதன் ஒரு கட்டில் விரிப்பைப் போர்த்துக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து வந்தான். அவன்தான் கரடி. கம்பி இழுபட்டுப் பேணிகள் கலகலவென்று சத்தம் போட, கூடாரத்துக்குள் படுத்திருந்த மற்ற மூன்று பேரும் வெளியே பாய்ந்தார்கள். அதில் ஒருவன் ரைபிளுக்குப் பதிலாக வளவு கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்திருந்தான்.

விரிப்பும் தும்புத்தடியும் யோகராணியுடையவை. தும்புத்தடி பிடித்திருந்தவனும் அவளுடைய புருஷன்தான். அவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். படித்து, உத்தியோகம் பார்த்து, தலையும் நரைக்கத் தொடங்கிய ஆம்பிளைகள் இப்படிக் கூத்தடிக்கிறார்களே என்று அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். விரிப்பை யார் தோய்க்கிறது?

புருஷன் சச்சிதானந்தன் நகரத்துத் தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் எஞ்சினியர். கொலினும் அதே அலுவலகம், அதே தெருவில் எதிர்ப்பக்கத்து வீடு. இவர்களின் தலைவர் மேர்வ். ஐம்பது வயதுக்காரர், வடதுருவப் பக்கம் ஏற்கனவே இரண்டு தரம் துடுப்புப் போட்டு வந்தவர். இந்த முறை வட கனடாவின் தீவுகளுக்கு நடுவே, ஆளில்லாத கரைகளில், இரண்டு கயாக்கில் பதினெட்டு நாள் போவதாகத் திட்டம். மேர்வும் அவருடைய தம்பியும் ஒரு படகு. கொலினோடு போகவிருந்தவன் காலை முறித்துக்கொண்டான். நீரோட்டக் கணக்கு தண்ணீர் பட்ட பாடாகத் தெரிந்த ஆள் ஒருவன் பக்கத்து மேசையிலேயே இருக்கிறானே என்று கொலின் சச்சியைக் கேட்டான்.

மூன்று வருட உத்தியோகத்தில் யாரும் சச்சியை ஒரு தேத்தண்ணிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து செய்தியைச் சொன்னான். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் யோகராணி கண்டு கனகாலம். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் கரடிப் புராணம்தான். ரைபிளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் சிவப்பு வெளிச்சம் கக்கும் கைத்துப்பாக்கி. இரவில் ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் காவல். கரடியைக் கண்டால் ஓடக் கூடாது, கூட்டமாக நின்று சத்தம் போட வேண்டும். வீரம் தெரிகிற இடத்தையெல்லாம் சச்சி விளக்கமாகச் சொன்னான். வீரமில்லாத பகுதியை ஒரே வசனத்தில் முடித்துவிட்டான்.

"யோகா, மணக்கிற சாமான் ஒண்டும் என்ர மூட்டைக்குள்ள வைக்காதையும். கேட்டீரோ?"

"ஓம்" என்றாள் அவள். அந்த ஓமுக்குள் அவளுக்கு ஏறின கோபம் சச்சிக்குத் தெரியாது.

ஏனென்றால் இந்த 'மணக்கும்' அவளுக்குப் புதிதில்லை. மெல்பர்னுக்கு வந்த முதல் மாதம், அலுவலகத்தில் சச்சி வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி எழுந்து போய் யன்னலைத் திறந்தாளாம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுடைய கோட்டும் சூட்டும் கார் நிறுத்தும் கொட்டகையில் தொங்கின. மீன் பொரிப்பது சனிக்கிழமை மட்டும், அதுவும் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு. மத்தியானத்துக்குச் சீஸ் வைத்த பாண். வெள்ளைக்காரர் யாராவது வருவதென்றால் குசினியில் எலுமிச்சம்பழத்தை அவித்து வாசனை பிடிக்க வைப்பான். கோட்டை அல்ல, அவளையே அவன் கொட்டகையில் மாட்டி வைத்ததுபோல யோகராணிக்கு இருந்தது. அதை அவள் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதுதான் பிழை.

ஆகவே மூட்டைக்குள் மணக்கக் கூடாது என்றால் மேர்வுக்கு மணக்கக் கூடாது, கொலினுக்கு மணக்கக் கூடாது என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். கரடியின் நினைப்பே வரவில்லை. கரடி கடல்நாய் பிடித்துத் தின்கிற மிருகம் என்று சச்சியே சொல்லியிருந்தான். அதற்கு மிளகாய்ச் சம்பல் எதற்கு?

பதினெட்டு நாளும் ஓட்ஸ் கஞ்சியும் தண்ணீர் ஊற்றினால் ஊறுகிற இறைச்சித் தூளும்தான் சாப்பாடு. நாக்குச் செத்துப்போகும். பயணத்துக்கு முந்தின புதன்கிழமை சச்சி வேலைக்குப் போனதும் அவள் கட்டாக் கருவாட்டைப் பொரித்து, செத்தல் மிளகாயோடு இடித்து, சம்பலாக்கி, வெள்ளித் தாளில் தட்டையாகச் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டாள். ஒரு இறாத்தலுக்கு, அதாவது அரைக் கிலோவுக்கு, கொஞ்சம் குறைவு. புதிதாக வாங்கியிருந்த நீல நிற உறங்குபையின் கால்மாட்டில் உள் துணியைப் பிரித்து, பஞ்சுக்குள் அதை வைத்து, அதே நீல நூலால் பிரித்தது தெரியாமல் தைத்தாள். இந்தத் தையல் அவளுக்குக் கைவந்தது. அவுஸ்திரேலியாவுக்கு வந்த அன்று விமான நிலையத்தில் உணவுச் சோதனை அதிகாரிகளுக்கு முன்னால் இலவம்பஞ்சுத் தலையணையை அணைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றையும் காட்டாமல் நடந்து வந்தவள் அவள். தலையணைக்குள் பாதி கருவாடு. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

சச்சியின் குறிப்புப் புத்தகத்தில், ஐந்தாம் நாளுக்குரிய பக்கத்தில், ஒரு துண்டு வைத்தாள்: 'கால்மாட்டைப் பிரித்துப் பாருங்கோ.' அந்தக் குளிரில், அந்த வெள்ளைக்காரருக்கு நடுவில், அவன் அதைப் பிரித்துத்தான் தீர வேண்டும். பாசம் பாதி, பிடிவாதம் பாதி.

நால்வரும் ஜூலை முதல் வாரம் விமானம் ஏறினார்கள்.

பன்னிரண்டாம் திகதி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு கொலினின் மனைவி நோலா அவளைத் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அதுவரை தெருவுக்குக் குறுக்கால் சிரித்ததோடு சரி. நோலாவின் குசினிச் சுவரில் பெரிய தேசப்படம், அதில் சிவப்புப் பேனையால் வழி கீறியிருந்தது. பக்கத்தில் மேர்வ் தட்டச்சு செய்து கொடுத்த தாள்.

"அவர்கள் கணக்கில் திங்கள் மத்தியானம் சின்ன விமானம் அவர்களைக் கரையில் இறக்கியிருக்கும்" என்றாள் நோலா. "கொலின் இனிப் பதினெட்டு நாள் பல் விளக்க மாட்டான் என்று நினைக்கிறேன். பற்பசையைக்கூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாதாம்."

"பற்பசையா? அது ஏன்?"

"மணத்துக்குத்தான். கரடிக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிதாம். மைல் கணக்கான தூரத்திலிருந்து பிடிக்குமாம். மேர்வின் போன பயணத்தில் ஒருவன் கோட்டுப் பையில் சாக்லேட்டோடு படுத்துவிட்டான். கரடி கூடாரத்தைக் கிழித்துவிட்டது. அவனுக்கு இன்றைக்கும் வலது கை தூக்க வராது. நீ இந்தத் தாளைப் பார்க்கவில்லையா? எல்லோர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தாரே."

யோகராணி எழுந்து போய்ப் பார்த்தாள். சச்சி தன் தாளை அலுவலக மேசையிலேயே விட்டிருக்க வேண்டும். முதல் விதியே அதுதான். உணவும், உணவு மணக்கிற எந்தச் சாமானும், கூடாரத்திலிருந்து நூறு காலடித் தூரத்துக்கு அப்பால், மூடி இறுகிய பீப்பாவுக்குள் இருக்க வேண்டும். சமைக்கும்போது போட்டிருந்த உடுப்போடு படுக்கக் கூடாது. விதியை மீறுகிறவன் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும். கரடி என்ற சொல் அந்தத் தாளில் ஒன்பது தரம் இருந்தது. மனிதர் மூக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஒரு இறாத்தல் கருவாட்டைப் புருஷனின் காலடியில் வைத்துத் தைத்து, கரடிக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தெருவைக் கடந்து வீட்டுக்கு ஓடினாள். ஃபுட்ஸ்கிரேயில் இருந்த இரஞ்சிதம் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். தலையணைத் தையலைக் கடிதத்தில் சொல்லிக் கொடுத்த புண்ணியவதி அவள்தான். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு இரஞ்சிதம் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை பையில சுத்தினனீ?"

"ஒண்டு. வெள்ளித் தாளும் போட்டனான்."

"அப்ப மணக்காது. சும்மா பதறாத. ஐஞ்சாம் நாள் எடுத்துச் சாப்பிட்டிடுவார்."

"அக்கா, எங்கட அலுமாரிக்குள்ள நாலு பையில சுத்தி வைச்சே மணக்குது."

"அதுக்கு என்ன செய்யப் போறாய்? அங்க றேடியோ ஒண்டுதானே, அதில சொல்லுறதெண்டால் ஊருக்கெல்லாம் கேக்கும். யோகா, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காத. அந்த மனுசன் கோட்டைக் கொண்டுபோய்க் கொட்டிலுக்க கொழுவுற மனுசன். அவற்ற பொஞ்சாதி உறங்குபைக்குள்ள கருவாடு தைச்சவள் எண்டு வெள்ளைக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்சால் பிறகு கந்தோருக்குப் போவாரே? உயிரோட திரும்பி வந்தாலும் உன்னை மன்னிக்க மாட்டார்."

யோகராணி தொலைபேசியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். இரஞ்சிதம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சச்சி எதற்கு வெட்கப்பட்டு வெட்கப்பட்டு ஒளித்தானோ, அதையே அவள் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகலாம், அவனோடு கொலினுடையதும் போகலாம். போகாமலும் இருக்கலாம். இந்தப் 'போகாமலும் இருக்கலாம்' தான் மனுசரைக் கெடுக்கிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே இருந்தாள். பிறகு தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல வந்தது. எழுந்து திரும்பவும் தெருவைக் கடந்தாள்.

அவள் சொன்ன எல்லாவற்றையும் நோலா கேட்டுவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"கொலினும் அதே கூடாரத்தில்தான் படுக்கிறான்."

"தெரியும்" என்றாள் யோகராணி.

நோலா எழுந்து போய் வெளிநாட்டு இணைப்புக்கு எண்ணைச் சுழற்றினாள். ரெசலூட் என்கிற அந்தத் துருவக் குடியிருப்பில் இவர்களுக்குப் பொறுப்பான றேடியோக்காரரின் இலக்கம் தேசப்படத்தின் மூலையில் எழுதியிருந்தது. இணைப்புக் கிடைக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இங்கே செவ்வாய் மத்தியானம், அங்கே திங்கள் இரவு ஒன்பது மணி. அவர்கள் பாஷையில் அது இரவு, சூரியன் மறையாத இரவு.

"ஏழு மணிக்குப் பேசினார்கள்" என்றது தூரத்துக் குரல். "கூடாரம் அடித்தாகிவிட்டது, எல்லோரும் சுகம். இனி நாளை மாலை ஏழு மணிக்குத்தான் பேசுவார்கள். பற்றரியை மிச்சம் பிடிக்க அதுவரை றேடியோப் பெட்டியை நிறுத்தி வைப்பார்கள், அம்மா. நான் கூப்பிட்டாலும் அவர்களுக்குக் கேட்காது."

நாளை மாலை ஏழு என்றால் மெல்பர்னில் புதன்கிழமை காலை பத்து. நடுவில் அவர்களுக்கு ஒரு முழு இரவு கிடந்தது.

"அப்படியென்றால் ஏழு மணிக்கு முதல் வேலையாக இதை வாசியுங்கள்" என்று யோகராணி ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "சச்சிதானந்தனின் நீல உறங்குபையில், கால்மாட்டில், உள் துணிக்குள் கருவாடு தைத்திருக்கிறது."

"என்ன தைத்திருக்கிறது?"

"கருவாடு. காய்ந்த மீன். பொரித்து, மிளகாய் போட்டு இடித்தது."

"எவ்வளவு?"

"ஒரு இறாத்தல் அளவு."

மறுபக்கம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அந்த மனிதர் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இருக்கிறது" என்றாள் அவள். "வைத்தது அவருடைய மனைவி. அவருக்கு ஒன்றும் தெரியாது. வைக்க வேண்டாம் என்று சொன்னவர் அவர், கேட்காதவள் நான். இதையும் வாசியுங்கள். ஒரு சொல்லும் விடாமல் வாசியுங்கள்."

மானம் போகத்தான் போகிறது, விதியை மீறினவன் என்ற பழியாவது அவன்மேல் விழக் கூடாது என்று அவள் நினைத்தாள். ஆசைப்பட்டுப் போன பயணம். அதிலிருந்து அவனைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

அன்று பின்னேரம் நோலா அவளை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே ஒருதரம் கேட்டாள்: "ஏன் அப்படிச் செய்தாய்?" அவர் எங்களை நினைத்து வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், அந்தக் கோபம் என்றாள் யோகராணி. நோலாவுக்கு அது பிடிபடவில்லை. கத்தியை வைத்துவிட்டு, "என் மனிதனுக்கு ஏதாவது நடந்தால் நான் உன்னோடு பேசமாட்டேன்" என்றாள். யோகராணிக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து சோறு வைத்தாள், சாப்பிடவில்லை, விடியும்வரை படுக்கவும் இல்லை.

புதன்கிழமை ஒன்பதரைக்கே இரண்டு பெண்களும் நோலாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். பத்து அடித்தது. பத்தரை அடித்தது. பத்து நாற்பதுக்கு மணி அடிக்க, நோலா எடுத்துக் காதில் வைத்தாள். "கொலின்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். "எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். உன்னோடு பேச வேண்டுமாம்."

"அம்மா, கரடி வந்தது" என்றார் றேடியோக்காரர். கணக்கு வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "அதிகாலை மூன்று மணிக்கு. பேணிகள் சத்தம் போட்டன. காவலுக்கு நின்றவன் வெளிச்சம் சுட்டான், கரடி நிற்கவில்லை. சாப்பாட்டுப் பீப்பாக்களைத் திரும்பியும் பார்க்காமல் நேரே உங்கள் கணவரின் கூடாரத்துக்கு வந்து, கால்மாட்டைக் கிழித்திருக்கிறது. அவர் காலை இழுத்துக்கொண்டார். குதிக்காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். கரடி உறங்குபையை இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது வெளிச்சத்துக்கும் ரைபிள் சத்தத்துக்கும்தான் அதைப் போட்டுவிட்டு ஓடியது."

"பிறகு?" என்றாள் யோகராணி.

"கிழிந்த பைக்குள் மீனைக் கண்டதும் மேர்வுக்குக் கோபம். யார் வேலை என்று கேட்டிருக்கிறார். என்னுடைய வேலை என்றாராம் உங்கள் கணவர். அப்படியென்றால் நீ திரும்பிப் போக வேண்டும் என்றிருக்கிறார் மேர்வ். சரி என்று சொல்லிவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு, பகல் முழுவதும் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். ஏழு மணிக்கு விமானம் கேட்கத்தான் பெட்டியைப் போட்டார்கள். அவர்கள் வாய் திறக்குமுன் நான் நீங்கள் சொன்னதை வாசித்தேன்."

"எல்லாவற்றையுமா?"

"ஒரு சொல்லும் விடவில்லை. பிறகு உங்கள் கணவரே வந்து பேசினார். அது உண்மையில்லை என்றார். என்னைக் காப்பாற்ற என் மனைவி சொல்கிறாள், மீன் என்னுடையது, நான்தான் தைத்தேன் என்றார்."

"ஐயோ" என்றாள் யோகராணி தமிழில்.

"நடுவில் கொலின் வந்து, இவனுக்கு ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது, இங்கே வருகிற வழியில் நான்தான் தைத்துக் கொடுத்தேன் என்றான். மேர்வ் சிரித்துவிட்டார். உங்கள் கணவர் பயணத்தில் இருக்கிறார், அம்மா. மீனைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், பையையும்தான். மிச்ச நாளுக்குக் கொலினின் கம்பளியும் மற்றவர்களின் கோட்டுகளும்."

யோகராணிக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"அவர் பேசினதை வேறு யாரும் கேட்டார்களா?"

"ஏழு மணிக்குப் பதினான்கு முகாம்கள் கேட்டுக்கொண்டிருக்கும். நில அளவையாளர், விஞ்ஞானிகள், வேட்டைக்காரர் எல்லோரும்."

"அவர் என்ன சொன்னார்? அவர் சொன்னபடியே சொல்லுங்கள்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. "மீன் என்னுடையது. நான் பிறந்த நாள் தொட்டு இதைச் சாப்பிடுகிறேன். இது இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இப்படித்தான் சொன்னார், அம்மா."

"இன்னொருமுறை சொல்லுங்கள்."

அவர் இன்னொருமுறை சொன்னார். யோகராணி நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, நோலாவின் குசினி நிலத்தில் அப்படியே இருந்து வாய்விட்டு அழுதாள். நோலா பக்கத்தில் குந்தி, தப்பிவிட்டார்கள்தானே, இனி எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள்.

"அவர் தன்ர எண்டு சொன்னவர்" என்றாள் யோகராணி. நோலாவுக்குத் தமிழ் விளங்காது என்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.